மோட்டார் வண்டியும் நம் பிள்ளைகளும்



தெலுக் இந்தானிலிருந்து ஊத்தான் மெலிந்தாங், சுங்கை சுமுன் வழியாகப் பாகான் டத்தோவுக்குச் செல்லும் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சற்று நேரம் நின்று பாருங்கள். தேங்காய் ஏற்றிய லாரி போகும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும். இடையிடையே சிறிதும் பெரிதுமாகக் கார்கள் போகும். சாலையோர வீட்டு வாசலில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருப்பான். வண்டி கண்ணுக்குத் தெரியுமுன்பே, சத்தத்தைக் கேட்டு, இன்ன காடி வருகிறது என்று சொல்லிவிடுவான். எழுத்தில் நாம் அதை மகிழுந்து என்று அழகாக எழுதுகிறோம். வீட்டில் அது காடிதான்.

உள்ளேயிருந்து ஒரு குரல் வரும். "அங்கே என்னடா வேடிக்கை? உள்ளே வந்து படி!" பையன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போவான்.

அந்தப் பையனுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். அவன் நின்று பார்ப்பது வெறும் வேடிக்கை என்று நாம் நினைக்கிறோம். மோட்டார் வண்டியின் வரலாற்றைப் புரட்டினால், அதன் முதற் பக்கங்களிலேயே பிள்ளைகள் நிற்கிறார்கள். அதே பக்கங்களில் நம் தோட்டத்து மக்களும் நிற்கிறார்கள். இந்த இரண்டாவது செய்தியை நாமே நம் பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை.

அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய சிறு மகனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்நாளில் சைக்கிள் சக்கரங்களுக்குக் கெட்டி ரப்பர்தான். கல் பாவிய தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் குலுங்கும். மகன் படும் பாட்டைப் பார்த்த தகப்பன் 1887ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனை செய்தார். வட்டமான மரத்தட்டு ஒன்றைச் செய்து, அதன் விளிம்பைச் சுற்றி மெல்லிய ரப்பர்க் குழாயைப் பொருத்தினார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் அதில் காற்றை நிரப்பினார். பிறகு சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இந்தத் தட்டையும் வீட்டு முற்றத்தில் ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதி வழியில் சாய்ந்து விழுந்தது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து எதிர்க்கோடியில் மோதித் திரும்பியது.

மறு ஆண்டு, அதாவது 1888இல், டன்லப் இதற்குக் காப்புரிமை பெற்றார். ராபர்ட் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இதே கருத்துக்கு உரிமை பெற்றிருந்தார் என்பது பின்னால் தெரிய வந்து, டன்லப்பின் உரிமை செல்லாமற் போனது வேறு கதை. தாம்சனின் சக்கரத்தை உலகம் மறந்திருந்தது. பிள்ளையின் சைக்கிளில் பிறந்த சக்கரம்தான் நிலைத்தது. 1895இல் பிரான்ஸ் நாட்டு மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரை மோட்டார் காரிலேயே மாட்டி, பாரிஸிலிருந்து போர்தோ நகருக்குப் போய்த் திரும்பும் நெடும் பந்தயத்தில் ஓட்டிக் காட்டினார்கள்.

டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பர் எங்கிருந்து வரும்? இங்கேதான் நம் பேராக் மாநிலம் கதைக்குள் வருகிறது. டன்லப் சோதனை செய்வதற்குப் பத்தாண்டு முன்னரே, 1877இல், இங்கிலாந்தின் கியூ பூங்காவிலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ தம் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை நட்டார். அவற்றில் ஒரு மரம் கோலாகங்சாரில் பேணிக் காக்கப்பட்டு வருகிறது. ஈப்போ பக்கம் போகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அந்தக் கன்றுகள் வெகு நாள் வேடிக்கை மரங்களாகவே நின்றன. காப்பி பயிரிட்டவர்கள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி என்பவர் சோதித்து நிலைநாட்டினார். அதன் பிறகு அமெரிக்காவில் 1908இல் ஃபோர்டு நிறுவனம் சாதாரண மக்களுக்கான 'டி' மாடல் காரை வெளியிட்டது. கார்கள் பெருகப் பெருக ரப்பர் விலை ஏறியது. 1910இல் அது உச்சத்தைத் தொட்டபோது மலாயாவில் காடுகள் வேகவேகமாகத் தோட்டங்களாயின. நம் பாகான் டத்தோ வட்டாரத்துக்கு அருகிலுள்ள ஜெண்ட்ராத்தா தோட்டம் 1906இல் டென்மார்க் நாட்டுப் பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் தொடங்கியது. கடலோர மண்ணில் தென்னையும் உள்ளே ரப்பருமாக இந்தப் பக்கம் வளர்ந்தது.

அந்த மரங்களை நட்டவர்களும் சீவியவர்களும் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய் நடந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பாரிஸிலும் லண்டனிலும் நியூயார்க்கிலும் உருண்ட சக்கரங்களில் அவர்கள் கைப்பட்ட பால் இருந்தது. அவர்கள் வாழ்ந்த தோட்டத்திலோ கார் என்றால் அது துரையின் கார் ஒன்றுதான். அது வரும் சத்தம் கேட்டால் பிள்ளைகள் வழிவிட்டு வரம்போரம் ஒதுங்கி நிற்பார்கள். டயருக்குப் பால் எடுத்தவர் வீட்டுப் பிள்ளை டயரைத் தொட்டுப் பார்த்ததில்லை.

தொட்டுப் பார்த்தவர்கள் டிரைவர்மார்தாம். என் தகப்பனார் அப்படி ஒருவர். தோட்டத்துப் பால் லாரியை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டினார். வண்டி ஓடும்போதே, 'பின் சக்கரத்தில் பேரிங் போகப் போகிறது' என்பார். இரண்டு நாளில் அது போகும். ஏட்டுப் படிப்பு இல்லை. எல்லாம் காதிலும் கையிலும் இருந்த அறிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போது நான் பக்கத்தில் போய் நிற்பேன். ஸ்பேனரை எடுத்துக் கொடுக்கலாமே என்று ஓர் ஆசை. "போடா, போய்ப் படி. இந்தக் கறை என்னோட போகட்டும்" என்று விரட்டிவிடுவார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தோட்டத்து வேலை தம்மோடு முடிய வேண்டும், பிள்ளை வெள்ளைச் சட்டை போட வேண்டும் என்று அந்தத் தலைமுறை முழுவதும் நினைத்தது. அந்த நினைப்பினால்தான் நம்மில் பலர் படித்தோம். ஆனால் ஒன்று நடந்துவிட்டது. கறையோடு சேர்த்து அறிவையும் அவர்கள் நமக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துக் கற்ற எஞ்சின் பாடத்தைவிட நூறு மடங்கு என் வீட்டு வாசலில் நின்றது. நான் அதைக் கேட்டு வாங்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நடந்துகொண்ட ஒரு தாயைச் சொல்கிறேன். டன்லப் காப்புரிமை பெற்ற அதே 1888ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸ் என்பவர் மோட்டார் வண்டியைச் செய்து 1886இலேயே உரிமை பெற்றுவிட்டார். ஆனால் வாங்குவார் இல்லை. இது நெடுந்தூரம் ஓடுமா என்று எல்லாருக்கும் ஐயம். அவருடைய மனைவி பெர்த்தா, ஒருநாள் விடியற்காலையில், கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போதே வண்டியை எடுத்துவிட்டார். கூடவே பிள்ளைகள் இருவர். யூஜென் என்பவனுக்கு 15 வயது, ரிச்சர்ட் என்பவனுக்கு 13. போன இடம் ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீடு. ஏறக்குறைய 105 கிலோமீட்டர். அதற்கு முன் உலகில் எவரும் மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் போனதில்லை.

வழியில் எண்ணெய் தீர்ந்தது. விஸ்லோக் என்னும் ஊரில் மருந்துக் கடையில் நின்று, துணிக்கறை போக்க விற்ற எண்ணெயை வாங்கி ஊற்றினார்கள். எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது பெர்த்தா தம் தொப்பி ஊசியால் அதைக் குத்திச் சரிசெய்தார். பிரேக் கட்டை தேய்ந்துபோக, செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அதில் தோல் அடிக்கச் செய்தார். மேட்டில் வண்டி ஏற மறுத்தபோது இறங்கித் தள்ளினார்கள். இருட்டுகிற நேரத்தில் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி அடித்தார்கள். பிறகு அந்த அம்மையார், மேடேறுவதற்கு இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொல்ல, அவர் அதைச் சேர்த்தார். இந்த அம்மையார்தான் திருமணத்துக்கு முன்பே தம் சீதனப் பணத்தைக் கணவரின் பட்டறைக்குக் கொடுத்து அதைக் காப்பாற்றியவர். மோட்டார் என்பது ஆண் பிள்ளைகளின் விஷயம் என்று சொல்லி மகளை அடுப்படிக்கு அனுப்புகிறவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும். உலகின் முதல் நெடும் பயணத்தில் வண்டியின் பொறுப்பு ஒரு பெண்ணின் கையில் இருந்தது.

ஜெர்மனிக்காரருக்கு அது முடியும், நமக்கு எப்படி என்று கேட்பவர்கள் இருக்கலாம். அப்படியானால் கோயம்புத்தூருக்கு வாருங்கள்.

அந்த ஊருக்கு அருகே கலங்கல் என்னும் கிராமத்தில் 1893இல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. தொடக்கக் கல்வியைக்கூட அவர் முடிக்கவில்லை. இளைஞராயிருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்ததைக் கண்டார். ரட்ஜ் என்னும் வகை வண்டி அது. ஆளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. கோவைக்குப் போய் ஓர் உணவு விடுதியில் வேலைக்கு நின்றார். கூலியைச் சேர்த்து வைத்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றியிருந்தால் நாம் இன்று அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். அவர் வண்டியைக் கழற்றி, ஒவ்வோர் உறுப்பையும் பார்த்துவிட்டு, திரும்பவும் பூட்டினார்.

1920இல், ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற கோவை வணிகரின் உதவியோடு, ஒரே ஒரு பேருந்தைப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே விட்டார். ஓட்டுநரும் அவரேதான். அந்த ஒன்று பெருகி யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமாயிற்று. 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். 1945இல் அவர் கொடுத்த நன்கொடையில் கோவையில் தொழிற்கல்விக் கூடம் எழுந்தது. ஏட்டுப் படிப்பைப் பல ஆண்டு இழுப்பதை விட்டு, கையால் செய்யக் கற்றுக்கொடுங்கள் என்பது அவருடைய ஓயாத வாதம். அதில் அவர் சற்று அளவு மீறித்தான் போனார் என்று எனக்குத் தோன்றும். பட்டமே வேண்டாம் என்றால் நம் பிள்ளைகளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? ஆனால் கையும் படிக்க வேண்டும் என்றாரே, அதில் எனக்கு மறுப்பில்லை.

அவர் 1974இல் காலமானார். அவருக்கு இருந்த மோட்டார் ஆசை மகன் ஜி.டி. கோபாலிடமும் தொடர்ந்தது. அந்தக் குடும்பத்தார் சேர்த்துப் பாதுகாத்த பழைய கார்களைக் கொண்டு 2015இல் கோவை அவினாசி சாலையில் ஒரு கார் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. தமிழகம் போகிறவர்கள் கோயில்களைப் பார்த்த பிறகு அரை நாள் ஒதுக்கி அதையும் பார்த்து வரலாம்.

அதே கோவையில் இன்னொரு தகப்பனும் மகனும். தகப்பன் ஜி.ஆர். கார்த்திகேயன். காட்டு வழியிலும் மலை வழியிலும் நேரம் கணக்கிட்டு ஓட்டும் ராலி பந்தயத்தில் பேர் எடுத்தவர். தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். அவருடைய மகன் நரேன் 1977இல் பிறந்தார். அப்பாவின் பந்தய வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தார். சென்னைக்கு அருகே திருப்பெரும்புதூர்ப் பந்தயத் திடலில் தொடங்கி, 1992இல் பிரான்ஸில் பந்தய ஓட்டுநர் பள்ளியில் பயின்று, பிறகு இங்கிலாந்துக்குப் போனார். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டத்தை வென்றார். 2005இல் ஜோர்டான் அணியில் இடம் பெற்று, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அவருடைய இரண்டாவது பந்தயம் எங்கே நடந்தது தெரியுமா? நம் செப்பாங்கில். 2005ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள். அதில் அவர் பதினொன்றாவதாக வந்தார். நம் நாட்டிலும் இதே போன்ற கதை உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் மலேசியர் அலெக்ஸ் யூங்கின் தகப்பனாரும் பந்தய ஓட்டுநர்தான்.

அதே ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானபோலிஸில் நடந்ததைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். அங்கே ஒரு சரிவான வளைவில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போதே ஒரு கார் மோதியது. பந்தய நாளன்று மிஷலின் டயர் மாட்டிய 14 கார்கள் ஒரு சுற்று வந்துவிட்டு, ஓடாமலே ஒதுங்கிவிட்டன. வேறு டயர் மாட்டிய ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று நரேனுடையது. நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அதிர்ஷ்டம் என்று சிலர் சொன்னார்கள். அதிர்ஷ்டமும்தான். ஆனால் கோடி கோடியாகப் பணம் போட்டுச் செய்த வண்டிகளின் தலையெழுத்து கடைசியில் ரப்பரில் வந்து நின்றதே, அதை நம்மைவிட நன்றாக யார் உணர முடியும்?

கார்த்திகேயன் குடும்பத்துக்கு வசதி இருந்தது. பந்தயம் பணக்காரர் விளையாட்டு என்பதை நான் மறைக்கவில்லை. நம் பிள்ளையைப் பந்தயத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்லவும் வரவில்லை. பிள்ளைகளுக்கு வண்டியின் வேகத்தை மட்டும் காட்டிவிட்டு, அதன் உள்ளே இருப்பதைக் காட்டாமல் விட்டால், அந்த ஆசை இரவு நேரச் சாலையில் மோட்டார் சைக்கிள் போட்டியாகப் போய் முடிகிறது. அதனால் மகனை இழந்த வீடுகள் நம்மிடையே உண்டு. பிரேக் எப்படிப் பிடிக்கிறது, மழை நீரில் டயர் ஏன் வழுக்குகிறது என்று தன் கையால் தொட்டுத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு வேகத்தின் மேல் ஒரு மரியாதை வரும். அந்த மரியாதையைக் கொடுக்கப் பணம் தேவையில்லை.

உங்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டில் நிற்கும் காரின் டயர் அருகே பிள்ளையை உட்காரவையுங்கள். அதன் பக்கவாட்டில் எண்கள் இருக்கும். 175/70 ஆர் 13 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 175 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு. ஆர் என்பது உள்ளே இழைகள் போடப்பட்டிருக்கும் முறை. 13 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வட்டின் விட்டம், அங்குலத்தில். இன்னும் தேடினால் நான்கு இலக்கம் தனியே அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர் என்று பொருள். அதைக் கொண்டு டயரின் வயதைப் பிள்ளையே கணக்கிட்டுச் சொல்லட்டும். பள்ளியில் கற்ற விழுக்காட்டுக் கணக்கு அப்போது அவனுக்கோ அவளுக்கோ விளங்கும். இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபோது அமெரிக்கர்கள் செயற்கை ரப்பரைப் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியதையும், அப்படியிருந்தும் ஆகாய விமானத்தின் டயருக்கு இன்றும் மரத்துப் பாலே வேண்டியிருப்பதையும் கூடவே சொல்லுங்கள். பிறகு, பாட்டி எத்தனை மரம் சீவினார் என்று சொல்லுங்கள்.

என் தகப்பனாரைப் பற்றி ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன். கடைசிக் காலத்தில் அவர் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். வாசலில் சாய்வு நாற்காலியில் படுத்திருப்பார். என் மகன் ஒரு பழைய கஞ்சில் கார் வாங்கியிருந்தான். மூன்று சிலிண்டர் வண்டி. ஒருநாள் அதைக் கிளப்பிக்கொண்டிருந்தபோது, கண்ணைத் திறக்காமலே கிழவர் சொன்னார், "மூணுல ஒண்ணு தூங்குதுடா, பிளக்கைப் பாரு." மகன் எஞ்சினை நிறுத்திவிட்டு, போனட்டைத் திறந்து, "தாத்தா, எதுன்னு வந்து காட்டுங்க" என்றான்.

நான் அவர் விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெல்ல எழுந்து போனார். ஒவ்வொரு பிளக்கின் கம்பியையும் எப்படிக் கழற்றுவது, எஞ்சினின் சத்தம் எப்போது மாறுகிறது என்று பேரனின் விரலைப் பிடித்துக் காட்டினார். அன்று மாலை இரண்டு பேர் கையிலும் கறை. நான் மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு போனேன்.